கடல் கடந்தவர்கள் – 6: பசி துரத்தியது, கடிதம் அழைத்தது

ஒருவர் நாடு விட்டு நாடு போனால், 'பிழைக்க வழியில்லை, போய்விட்டார்' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், எந்த வழியும் இல்லாதவரால் போகவும் முடியாது. 19-ஆம் நூற்றாண்டு அயர்லாந்தின் கதை இதைத்தான் சொல்கிறது.

1845-ல் அங்கே உருளைக்கிழங்குச் செடிகளில் கருகல் நோய் விழுந்தது. ஏழைக் குடியானவர்களுக்குக் கிழங்கை விட்டால் வேறு சாப்பாடு கிடையாது. அடுத்து வந்த ஆண்டுகளில் 10 லட்சம் பேர்வரை பசிக்கும் காய்ச்சலுக்கும் பலியானார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள்.

கிழங்கை அழித்தது நோய். குடியானவரை மண்ணிலிருந்து பெயர்த்தது சட்டம். கால் ஏக்கருக்கு மேல் குத்தகை நிலம் வைத்திருப்பவர் அதைக் கைவிட்டால்தான் நிவாரணம் என்று 1847-ல் விதி வந்தது. சிறு குத்தகைதாரர்களுக்கான ஏழை நிவாரண வரி நிலச்சுவான்தாரின் தலையில் விழுந்ததால், அவர்களை விரட்டுவதே அவருக்கு லாபமானது. குடும்பங்களை வெளியே தள்ளிவிட்டு வீட்டுக் கூரைகளை இடித்தார்கள். அதே நாட்களில் தானியமும் மாடுகளும் வெண்ணெயும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. லண்டன் கருவூலத்தில் அமர்ந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த சார்லஸ் ட்ரெவெல்யன்தான், 1859-ல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தார்.

பரம ஏழைகளில் பலருக்குக் கப்பல் கட்டணம் எட்டவே இல்லை. அவர்கள் ஊரிலேயே மடிந்தார்கள். விற்பதற்கு ஒரு மாடாவது மிஞ்சியிருந்தவர்கள் கிளம்பினார்கள். சில நிலச்சுவான்தார்கள் தாங்களே கட்டணம் கட்டித் தங்கள் குடிகளைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தார்கள். நெரிசலான அந்தக் கப்பல்களில் காய்ச்சலும் கூடவே பயணித்தது. க்யூபெக்கை அடுத்த க்ரோஸ் ஈல் தீவில் 1847-ஆம் ஆண்டில் மட்டும் 5,000-க்கும் அதிகமானோர் புதைக்கப்பட்டார்கள்.

பஞ்சம் 1852 வாக்கில் ஓய்ந்தது. வெளியேற்றம் ஓயவில்லை. நிலத்தைத் துண்டு போட்டால் என்ன ஆகும் என்பதைப் பஞ்சம் காட்டிவிட்டது; இனி ஒரு மகனுக்குத்தான் நிலம், ஒரு மகளுக்குத்தான் சீதனம். மற்ற பிள்ளைகள் அமெரிக்கா போக வேண்டியதுதான். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் வீட்டு வேலை பார்த்த அக்காமார்கள் கடிதத்தோடு பணமும் கப்பல் டிக்கெட்டும் அனுப்பினார்கள். அக்கா தங்கையை அழைத்தாள், தங்கை தம்பியை அழைத்தாள். 1841-ல் 82 லட்சத்தை நெருங்கியிருந்த அந்தத் தீவின் மக்கள்தொகை, இன்றுவரை அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

இன்று எல்லைகளில் வந்து நிற்பவர்களை 'உயிர் பிழைக்க வந்தவர்', 'சம்பாதிக்க வந்தவர்' என்று அதிகாரிகள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். அயர்லாந்துக் குடியானவர் எந்த வரிசையில் நின்றிருப்பார்? பசியும் சட்டமும் உறவும் சேர்ந்துதான் அவரைக் கப்பலேற்றின. வந்தவரிடம் 'ஏன் வந்தாய்' என்று கேட்கும் உலகம், அவர் அங்கே இருக்க முடியாதபடி செய்தவர்களிடமும் அதே கண்டிப்போடு காரணம் கேட்க வேண்டும்.

(அடுத்த வாரம்: இதே 1840-களில், மன்னார்க் கரையிலிருந்து இலங்கைக் காபித் தோட்டங்களுக்குக் காட்டுவழியே நடந்த தமிழர்கள்)