கணினி எண்ணாத கணக்கு: ஹெட்போனும் ஒலி அமைப்புகளும்

செல்போனில் ஹெட்போனை மாட்டிச் சத்தத்தை ஓரளவுக்கு மேல் ஏற்றினால், நீண்ட நேரம் இப்படிக் கேட்டால் காது பாதிக்கும் என்ற அறிவிப்பு திரையில் வரும். அதைப் போன் நிறுவனங்களின் கருணை என்று நினைக்க வேண்டாம். கையில் எடுத்துச் செல்லும் இசைக் கருவிகள் 85 டெசிபலைத் தாண்டும்போது எச்சரிக்க வேண்டும், 100 டெசிபலுக்கு மேல் போகவே கூடாது என்று ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம் வரையறுத்தது. அந்த வழக்கம் மற்ற நாட்டுப் போன்களுக்கும் பரவியது. அதே ஹெட்போனைக் கணினியில் செருகினால் இந்தக் காவல் இல்லை. எவ்வளவு சத்தத்தில் எத்தனை மணி நேரம் கேட்டோம் என்ற கணக்கை விண்டோஸ் வைப்பதில்லை. ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரும், இணைய வகுப்பில் இருக்கும் மாணவரும், கால்சென்டர் ஊழியரும் நாள் முழுக்க ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பது கணினி முன்னால்தான். சவுண்ட் கார்டு அமைப்புகளைத் திருத்துவது இசைப் பித்தர்களின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். காதைக் காக்கும் வேலையும் அதுதான். நாம் கூட்டும் சத்தத்தில் கணிசமான பகுதி, தவறான அமைப்பால் தொலைந்த தெளிவை ஈடுகட்டக் கூட்டுவது.

முதலில் அளவு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட எச்.870 தரத்தின்படி, வயது வந்தவர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபலில் கேட்கலாம். குழந்தைகளுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபல் என்றால் வாரத்துக்கு 5 மணி நேரம். 98 என்றால் 40 நிமிடம்கூடக் கிடையாது. சத்தத்தை 60 சதவீதத்துக்குள் வையுங்கள் என்ற அறிவுரை அடிக்கடி காதில் விழுகிறது. எதில் 60 சதவீதம்? கணினித் திரையில் தெரியும் எண் டெசிபல் அல்ல. ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் 32 ஓம் ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். சந்தையில் இது சாதாரண ரகம். ஒரு வோல்ட் தரக்கூடிய துளையில் அதைச் செருகினால் 115 டெசிபல் வரை போகும். ஒரு வாரத்துக்கான அளவு அங்கே ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். இதே 60 சதவீதம் ஒரு கணினியில் மென்மையாகவும் இன்னொன்றில் ஆபத்தாகவும் இருக்கலாம்.

தெளிவு எங்கே தொலைகிறது என்று பார்த்தால் குற்றவாளி பெரும்பாலும் பழைய கன்ட்ரோல் பேனலின் சவுண்ட் பகுதியில் இருப்பார். ஸ்பீக்கர் செட்டப் 5.1 என்று இருக்கும்போது இரண்டு காது ஹெட்போனைச் செருகினால், படத்தின் வசனம் வரும் நடு ஒலித்தடம் எங்கும் போய்ச் சேராது. பின்னணி இசை முழங்கும், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பார்ப்பவர் சத்தத்தை ஏற்றுவார், அடுத்த சண்டைக் காட்சி காதில் இடியாய் இறங்கும். ஸ்டீரியோ என்று மாற்றினால் போதும். புளூடூத் ஹெட்செட்டில் சிக்கல் வேறு. மைக் திறந்தவுடன் பல ஹெட்செட்டுகள் ஹேண்ட்ஸ்ஃப்ரீ நிலைக்கு இறங்கிவிடும். பழைய வகை இணைப்பில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியே வராது. ‘ஸ்’ போன்ற மெய்யொலியின் பெரும்பகுதி அதற்கு மேல்தான் இருக்கிறது. சொல் புரியாததால் சத்தத்தைக் கூட்டுகிறோம், சொல் அப்போதும் புரிவதில்லை. மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையோ தனி மைக்கையோ தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டைக் கேட்க மட்டும் வைத்துக்கொண்டால் முழுத் தெளிவு திரும்பிவிடும். மூன்றாவது, கம்யூனிகேஷன்ஸ் என்ற தாவல். அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைப்பது என்பதே அங்கே வழக்கமாக வரும் ஏற்பாடு. குறைந்துவிட்டதே என்று ஏற்றி வைத்தவரின் காதில், அழைப்பு முடிந்ததும் பழைய சத்தம் முழுதாகப் பாயும். ‘டூ நத்திங்’ என்று வைத்துவிடலாம்.

இவற்றைவிட ஆபத்தானது கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு. தனி சவுண்ட் கார்டுகள் சிலவற்றில் 64 ஓமுக்குக் கீழ், 64 முதல் 300 வரை, 300 முதல் 600 வரை என்று ஹெட்போனின் மின்தடையைக் கேட்கும் தேர்வு இருக்கும். மேல்நிலைகள் ஸ்டுடியோ ஹெட்போன்களுக்கானவை. 32 ஓம் ஹெட்போனுக்கு 600 ஓம் நிலையைத் தேர்ந்தால் சில கார்டுகளில் 18 டெசிபல் கூடிவிடும்; அதாவது பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் 64இல் ஒரு பங்காகச் சுருங்கும். லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்ற தேர்வு இரண்டு பக்கமும் வெட்டும். மெல்லிய பேச்சை உயர்த்தித் திடீர் அலறலை அடக்குவதால் அது நல்லதுதான். ஆனால் சராசரிச் சத்தத்தையும் அதுவே உயர்த்துகிறது. அதைப் போட்டவுடன் பொதுச் சத்தத்தை இறக்காதவருக்கு லாபமில்லை. ஒரு காது மந்தமானவர்கள் அக்சஸிபிலிட்டி பகுதியில் மோனோ ஆடியோவைப் போட்டுக்கொண்டால், நல்ல காதிலேயே எல்லாம் கேட்கும். மந்தமான காதுக்காக இரண்டையும் வதைக்க வேண்டியதில்லை.

ஒலி வடிவத்தை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று உயர்த்தி வைத்தால் தெளிவு தானே வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மனிதக் காது கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை. 48 கிலோஹெர்ட்ஸ் அமைப்பே 24,000 வரை ஏந்தும். தொலைந்த நடுத்தடத்தை அந்த எண் மீட்டுத் தராது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இத்தனை வருடமாகக் கேட்கிறோம், காது நன்றாகத்தானே இருக்கிறது? இரைச்சலால் வரும் சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்குகிறது. அமைதியான அறையில் பேசுவது அப்போதும் கேட்கும். கூட்டத்தில் மட்டும் சொற்கள் குழம்பும். உள்காதின் செத்த மயிர்ச்செல்கள் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்? இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் திறனையும் அறியும் உரிமையைத் தருகிறது. சரியாகப் பயன்படுத்தும் முறையையும் தவறான பயன்பாட்டின் தீங்கையும் சொல்லாத தயாரிப்பாளர் பொருட்பொறுப்புக்கு உள்ளாவார் என்று 84ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த ஆபத்துக்கு எச்சரிக்கை தேவையில்லை என்று 87ஆம் பிரிவு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அதிக சத்தம் காதைக் கெடுக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது என்று நிறுவனம் வாதாடும். அந்த வாதம் பாதிதான் செல்லும் என்பது என் கருத்து. சத்தம் கெடுதி என்பது பொது அறிவு. ஒரு தேர்வை மாற்றினால் பாதுகாப்பான நேரம் 64இல் ஒரு பங்காகும் என்பது பொது அறிவு அல்ல. ஆனாலும் கேள்வித்திறன் போனதற்கு இந்த ஒரு பொருள்தான் காரணம் என்று நிரூபிப்பது கடினம். சட்டம் எளிதாகக் கைகொடுப்பது வேறு இடத்தில்: அட்டையில் போட்ட மின்தடையும் திறனும் பொய்யாக இருக்கும்போது, ஒரு காதில் மட்டும் சத்தம் தாவும்போது, திருப்பி எடுக்க மறுக்கும்போது. இணையத்தில் வாங்கியிருந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில்லையும் அட்டைப்பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள்.

வேலைக்காக ஹெட்செட் அணிபவர்களின் நிலை இன்னும் மங்கலானது. இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு, தொழில்சார் நோய்களில் ஒன்றாக முந்தைய ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது; 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் உண்டு. ஆனால் ஆலை இரைச்சல் சுவருக்கு வெளியேயும் கேட்கும். ஹெட்செட்டுக்குள் இருக்கும் இரைச்சல் மேலாளருக்குக்கூடக் கேட்காது. அதனால் சான்றை ஊழியரேதான் சேர்க்க வேண்டும். வேலையில் சேரும்போதே செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் ஒன்று எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வதும், கொடுத்த ஹெட்செட்டில் சத்த வரம்பு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்பதும் பின்னால் உதவும். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை நம்பிக் காத்திருக்க முடியாது. அதன் கணக்கில் கேட்கும் திறன் குறைந்தவர் என்றால் பேச்சு அலைவரிசைகளில் இரு காதிலும் 60 டெசிபல் இழந்திருக்க வேண்டும். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் இரைச்சல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அழுக்கு என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. அதற்கான சிகிச்சை அதிகம் பலிப்பது முதல் சில நாட்களில்தான்.