யூரியா மானியமும் உளுந்தின் வேர்முடிச்சும்

தேனாம்பேட்டை உணவகங்களில் இட்லியாகவும் வடையாகவும் நம் இலைக்கு வரும் உளுந்து, காவிரிப் படுகையில் நெல்லுக்குப் பின் தரிசுப் பயிராக விளைகிறது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே விதையைத் தூவிவிடுவார்கள். அடியுரம் இட வழியில்லை. எஞ்சிய ஈரமும் பனியுமே துணை. வேர்முடிச்சுகளில் வாழும் பிராடிரைசோபியம் போன்ற பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. செடி தன் சர்க்கரையில் ஒரு பங்கை ஈடாகத் தருகிறது.

பொருளியல் நோக்கில் இது ஒரு பண்டமாற்று. ஆனால், இதற்கான மரபணுக்கள் பாக்டீரியாவில் நிலையாக வேரூன்றியவை அல்ல. சில இனங்களில் அவை பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்திலும், வேறு சிலவற்றில் குரோமோசோமுக்குள் செருகப்பட்ட 'தீவு' போன்ற பகுதியிலும் உள்ளன. நியூசிலாந்தில் லோட்டஸ் என்னும் தீவனப் பயிருடன் ஒரே ஒரு பாக்டீரிய ரகத்தை இட்டனர். ஏழு ஆண்டுகளுக்குப் பின் முடிச்சுகளில் பலவகை பாக்டீரியாக்கள் இருந்தன. அவை யாவும் இட்ட ரகத்திடமிருந்து சுமார் 5 லட்சம் எழுத்து நீளமுள்ள அந்தத் தீவைப் பெற்றிருந்த உள்ளூர் பாக்டீரியாக்கள். 1995இல் வெளியான இக்கண்டுபிடிப்பு, பரிணாமம் ஒரு விவசாயியின் காலத்துக்குள்ளேயே நிகழும் என்று காட்டியது.

விரைவாகக் கூடும் பண்பு விரைவாகத் தேயவும் கூடும். அமெரிக்காவின் மிச்சிகனில் 22 ஆண்டுகள் தழைச்சத்து உரம் இட்ட நிலத்தின் ரைசோபியங்களையும், உரமிடாத நிலத்தின் ரைசோபியங்களையும் குளோவர் செடிகளில் ஒப்பிட்டனர். உரமிட்ட நிலத்தைச் சேர்ந்தவை செடிக்குக் குறைவான பயனையே அளித்தன என்பது 2015இல் வெளியான முடிவு. தழைச்சத்து இலவசமாகக் கிடைக்கும்போது, செடி முடிச்சுகளைக் குறைத்துக்கொள்கிறது. நேர்மையாக உழைக்கும் கூட்டாளிக்குச் சந்தை இல்லாமல் போகிறது.

இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக, 242 ரூபாய். எஞ்சிய செலவை அரசு ஏற்கிறது. மானியத்தை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. சிறு விவசாயி தாங்கமாட்டார். ஆனால், சம்பாவுக்குக் கொட்டும் யூரியா அதே வயலின் உளுந்துக்கு உழைக்கும் பாக்டீரியாக்களை என்ன செய்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? மிச்சிகன் சோதனையைப் படுகை வயல்களில் செய்து பார்க்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வம்பனிலுள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையமும் நமக்கு உண்டு. மானியச் செலவோடு ஒப்பிட்டால் அதற்கான நிதி அற்பம். உலகில் மிக அதிகமாகப் பருப்பு விளைவித்தும் இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டுக்கு, அது வீண்செலவு ஆகாது.