கடலோர நிலம்: தரகரிடம் கேட்க வேண்டியவை

இராமநாதபுரம் கடற்கரையில் நிலம் பெரும்பாலும் தரகர் வழியாகவே கைமாறுகிறது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் நில உரிமையாளர்கள் பலர் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். தங்கச்சிமடம், உச்சிப்புளி பக்கம் இடம் தேடுவோரில் வெளியூர்க்காரர்களும் உண்டு. வாங்குபவரும் விற்பவரும் முகம் பார்ப்பதற்கு முன்பே பேச்சு பாதி முடிந்துவிடுவதால், தரகரிடம் எதைச் சொல்கிறோம், எதைக் கேட்கிறோம் என்பது பத்திரத்தைப் போலவே முக்கியமாகிறது.

முதலில் சொல்ல வேண்டியது நோக்கம். குடியிருக்க வீடா, தங்கும் விடுதியா, தோப்பா, பிள்ளைகளுக்காக வாங்கிப் போடும் மனையா என்பதைப் பொறுத்துப் பார்க்க வேண்டிய இடமே மாறும். "கடல் பக்கம் நல்ல இடமாக ஒன்று" என்று மட்டும் சொன்னால், கைவசம் உள்ளதையெல்லாம் தரகர் காட்டத்தான் செய்வார். யார் பெயரில் பத்திரம் ஆகும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீட்டுமனை வாங்கலாம். ஆனால் விவசாய நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. பனந்தோப்புக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரிந்தால் எல்லோருக்கும் நஷ்டம்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது பதிவுச் செலவையும் சேர்த்துச் சொல்வது நல்லது. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் ரூபாய் மதிப்புக்கு இது மட்டும் 1,80,000 ரூபாய். விலை செண்ட் கணக்கில் பேசப்படும். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் உள்ள பரப்புக்கு விலையா, அளந்து வரும் பரப்புக்கு விலையா என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டால் கடைசி நாள் தகராறு வராது.

அடுத்து, ஊர் வர்ணனையை விட எண்களே தேவை: வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண். இவை கிடைத்தால் பட்டாவையும் புலப்படத்தையும் வில்லங்க விவரத்தையும் இணையத்தில் தாமே பார்த்துக்கொள்ளலாம். இடத்தைக் காட்டும் முன்பே இவற்றைக் கேட்பது அவமதிப்பல்ல. நேர்மையான தரகர் தயங்காமல் தருவார்.

இந்தக் கரைக்கென்றே சில கேள்விகள் உண்டு. உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறி வரும் எல்லையிலிருந்து, இடம் எவ்வளவு தூரம்? அந்தக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். அலைக்கு அருகில் உள்ள பகுதியில் புதிதாக வீடு கட்டவே முடியாமல் போகலாம். கோயில் நிலமா, வக்ஃபு சொத்தா, கண்மாய்ப் புறம்போக்கா? கோயில் நிலத்தை உரிய அனுமதியின்றிக் கிரயம் செய்ய முடியாது; மற்ற இரண்டையும் விலைக்கு வாங்கவே முடியாது. கிணற்று நீர் நல்ல தண்ணீரா, உப்பா? வண்டிப் பாதை பத்திரத்தில் இருக்கிறதா, பக்கத்து நிலக்காரரின் தயவில் இருக்கிறதா? உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் கையெழுத்திடப் போவது யார்? பவர் பத்திரம் நடப்பில் உள்ளதா, அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? பவர் பத்திரம் மட்டும் இருந்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது.

ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று தரகர்கள் இருப்பது வழக்கம். "பார்ட்டியிடம் நேரடியாகப் பேசுவது யார்?" என்று கேட்டு, அவரோடே பேச்சைத் தொடர்வது குழப்பத்தைக் குறைக்கும். கமிஷன் எத்தனை சதவீதம், எப்போது, யாருக்கு என்பதை இடம் பார்க்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தரகர் விற்பவரிடமும் கமிஷன் வாங்குகிறாரா என்று கேட்பதிலும் தவறில்லை. போனில் பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம்: "அண்ணே, பேசியபடி 12 செண்ட், பாதை 20 அடி, மூலப் பத்திர நகல் வெள்ளிக்கிழமைக்குள். சரிதானே?" ஒரு இடம் பிடிக்கவில்லையென்றால் காரணத்தோடு சொன்னால்தான் அடுத்ததைச் சரியாகத் தேட முடியும். அட்வான்ஸை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும். நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

மனைப்பிரிவில் பிளாட் வாங்குவோர் அங்கீகார எண்ணையும், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படியான பதிவு எண்ணையும் கேட்க வேண்டும். பொதுவாக 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு இந்தப் பதிவு கட்டாயம். அவற்றை விற்றுத் தரும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். இத்தகைய திட்டங்களில் சொன்னது ஒன்று, கிடைத்தது வேறு என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். எழுத்தில் வைத்த உரையாடல் அப்போது சான்றாகும்.

பத்திரப்பதிவோடு வேலை முடிவதில்லை. உட்பிரிவு அளவை, பட்டா மாற்றம், எல்லைக் கல் நடுதல் ஆகியவற்றில் தரகர் எதுவரை உடன் வருவார் என்பதை கமிஷன் பேசும் அன்றே சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டும்.