எது அசல் புல்லட்?

பீங்கான் ஊரான விருத்தாசலத்துக் கண், பழைய புல்லட்டில் முதலில் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில்தான் நிற்கும். அது வண்டியின் வயதுக்குச் சாட்சியாகாது. அடிக்கடி மாற்றப்படும் பொருள். போல்ட்டைப் பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் சைக்கிள் மரை பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 சுற்று. போல்ட்டில் மில்லிமீட்டர் மரை தென்பட்டால் அது பெரும்பாலும் பின்னாளில் பூட்டியது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் செய்த பாகமே அசல் என்று சிலர் சாதிப்பதை ஏற்க முடியாது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, முதலில் ரெட்டிச் உதிரிகளைப் பூட்டியே 350 சிசி புல்லட்டைத் தந்தது. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின. இடைக்கால வண்டியில் இரு நாட்டுப் பாகங்களும் கலந்திருப்பதே இயல்பு. பிற்பாடு மெக்கானிக் மாற்றியிருக்கலாமே? இருக்கலாம், அதனால்தான் எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எண் பொறித்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் போடாதீர்கள்.