காணியின் படத்தைக் கணனியில் கீறுவோம்

1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, மண்டைதீவுப் பகுதிகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, கைக்கெட்டிய உறுதிகளை ஒரு பையிற் போட்டுக்கொண்டு புறப்பட்டன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு ஓடியபோது அந்தப் பைகளிலும் சில தவறிப்போயின. தொலைந்த உறுதிக்குக் காணிப் பதிவகத்திற் பிரதி தேடலாம். ஆனால் வடக்கு எல்லையில் நின்ற பனை எது, கிணற்றுக்குப் போன வழி எந்த வேலிப் பக்கமாகப் போனது என்பவை எந்தப் பதிவகத்திலும் இல்லை. அவற்றை அறிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.

2025 மார்ச்சில், வடமாகாணத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் காணிகளுக்கு உரித்துடையோர் மூன்று மாதத்துள் உரிமை கோரவேண்டும் என்று வர்த்தமானி அறிவித்தல் வந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எதிர்ப்பு எழுந்தபின் அவ்வறிவித்தல் அதே ஆண்டில் மீளப்பெறப்பட்டது. ஆயினும், மூன்று மாதத்தில் எதைக் காட்டுவது என்ற கேள்வி பலருக்கு அப்போதுதான் எழுந்தது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தன் காணியின் படத்தைத் தானே கீறி வைத்திருப்பது நல்லது என நாம் எண்ணுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாம் கீறும் படம் நில அளவைப் படம் ஆகாது. அனுமதி பெற்ற நில அளவையாளர் அளந்து ஒப்பமிடும் படத்துக்குரிய மதிப்பு இதற்குக் கிடையாது. ஆனால் அவரோ, கிராம அலுவலரோ, சட்டத்தரணியோ வந்து "காணி எது?" என்று கேட்கும்போது, கையை நீட்டிக் காட்டுவதைவிட ஒரு தாளை நீட்டுவது மேல்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். 1985இல் வெளிவந்த முதலாவது விண்டோஸ் தொடக்கம் மைக்ரோசொப்ற் கணனிகளில் இருந்துவரும் 'பெயின்ற்' போதும். பிள்ளைகள் சூரியனும் வீடும் கீறி விளையாடுவது இதிற்றான். வீட்டிற் கணனி இல்லாதோர் வாசிகசாலையிலோ பிள்ளைகளின் பாடசாலையிலோ கேட்டுப்பார்க்கலாம்.

கீறுமுன் தாளை அமைக்கவேண்டும். கொன்ட்ரோல் விசையையும் 'ஈ' விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் அலகைப் 'பிக்சல்', அதாவது புள்ளி, எனத் தெரிந்து அகலம் 700, உயரம் 750 எனக் கொடுங்கள். நமது கணக்கு இதுதான்: நிலத்தில் ஓர் அடி, திரையில் ஐந்து புள்ளி. மவுஸை நகர்த்தும்போது அது நிற்கும் இடத்தின் எண்கள் திரையின் அடியில் ஓடும். முதல் எண் இடப்பக்கத்திலிருந்தும், இரண்டாவது மேலிருந்து கீழாகவும் எண்ணப்படுகிறது. இந்த இரண்டு எண்களும் விளங்கிவிட்டால் வேலை பாதி முடிந்தது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு காணி ஒழுங்கையோரம் 110 அடி, உள்ளே 99 அடி. பெருக்கினால் 10,890 சதுர அடி. ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 2,722½ சதுர அடி. ஆகவே இது சரியாக நாலு பரப்பு. ஒழுங்கை வடக்கே இருக்கிறதென வைத்துக்கொள்வோம். 50, 50 என்ற இடத்தில் தொடங்கி 600, 50 வரை கோடு இழுங்கள். 'சிஃப்ற்' விசையை அழுத்தியபடி இழுத்தாற் கோடு கோணாது. அங்கிருந்து கீழே 600, 545. பின் இடப்பக்கம் 50, 545. பின் தொடங்கிய இடம். கிணறு மேற்கு மூலையிலிருந்து ஒழுங்கை வழியே 30 அடி, அங்கிருந்து உள்ளே 40 அடி என்றால் அதன் இடம் 200, 250.

தீவகத்துக் காணிகள் இப்படிச் சதுரமாக அமைவது அரிது என்று நீங்கள் சொல்வது எமக்குக் கேட்கிறது. நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நாலு பக்கத்தையும் அளந்தாலும் கோணற் காணியின் வடிவம் கிடைக்காது. ஒரே நாலு நீளத்தில் பல வடிவங்கள் அமையும். அதற்கு ஒரு வழி உண்டு. ஒழுங்கையோரம் ஒரு கயிற்றை நேராகக் கட்டுங்கள். ஒவ்வொரு மூலைக்கும், கயிறு வழியே எத்தனை அடி, கயிற்றிலிருந்து செங்குத்தாக உள்ளே எத்தனை அடி என்று இரண்டு அளவு எடுங்கள். செங்குத்தாகத் திரும்பினோமா என்பதை 6, 8, 10 அடிக் கயிற்று முக்கோணத்தால் சரிபார்க்கலாம். அவ்விரண்டு அளவுகளையும் ஐந்தாற் பெருக்கி ஐம்பதைக் கூட்டினால் திரையின் இரண்டு எண்களும் வந்துவிடும். ஒழுங்கை தெற்கே இருந்தாலும் அதை மேலே வைத்தே கீறி, முடிந்தபின் படத்தை 180 பாகை திருப்புங்கள். எழுத்துகளை அதன் பின்னரே இடவேண்டும். இல்லாவிடின் அவை தலைகீழாகும்.

காணிக்குள் நிறம் நிரப்ப வாளி போன்ற கருவி உண்டு. எல்லைக் கோட்டில் ஒரு புள்ளி இடைவெளி இருந்தாலும் நிறம் வெளியே பாய்ந்து தாள் முழுவதும் பரவிவிடும். வேலியிற் பொட்டு இருந்தால் ஆடு புகுவதுபோலத்தான். பதறாமற் கொன்ட்ரோலுடன் 'இசட்' விசையை அழுத்தி மீட்டு, பொட்டை அடைத்தபின் மறுபடி நிரப்புங்கள்.

அடுத்து வருவதுதான் மிக முக்கியமானது. எல்லாக் கோடுகளும் ஒரே தகுதி உடையவை அல்ல. சில அளவுகள் உறுதியில் உள்ளவை; சில நாமே போய் அளந்தவை; சில பெரியவர்களின் ஞாபகத்தில் உள்ளவை. மூன்றையும் ஒரே மாதிரிக் கீறினால், ஞாபகத்தில் ஏற்பட்ட ஒரு பிழை முழுப் படத்தின் நம்பிக்கையையும் கெடுத்துவிடும். உறுதிக்குக் கறுப்பு, அளந்ததற்குச் சிவப்பு, ஞாபகத்துக்குப் பச்சை என வைத்துக்கொள்ளலாம். ஆனால் கறுப்பு வெள்ளைப் போட்டோப் பிரதியில் நிறம் போய்விடும். ஆகவே கோட்டருகே உ, அ, ஞா என்று எழுதியும் விடுங்கள். அண்ணனும் தம்பியும் ஓர் எல்லையை இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் கீறுங்கள். காணிக்குப் போக முடியாதவர்கள் முழுப் படத்தையும் உவிலும் ஞாவிலும் கீறலாம், தவறில்லை.

உறுதியில் நாலு எல்லைகளும் அக்கால அயற்காணிக்காரரின் பெயராலேயே சொல்லப்பட்டிருக்கும். அப்பெயரை அப்படியே எழுதி, கீழே இன்று அக்காணி யாருடையது என்பதையும் எழுதுங்கள். பொதுக் கிணற்றிற் பங்கு, வழி வாய்க்கால் உரிமை உறுதியில் இருந்தால் அந்த வழியையும் கீறுங்கள். பங்குக் கிணறுகளில் தகராறு பெரும்பாலும் வழியிற்றான் தொடங்குகிறது.

பெயின்ற்றில் எழுத்துப் பெட்டிக்கு வெளியே ஒருமுறை அழுத்தியதும் எழுத்து படத்தோடு ஒட்டிவிடும்; பின் திருத்த முடியாது. வாசித்துச் சரிபார்த்தே வெளியே அழுத்துங்கள். இதிலும் ஒரு நன்மை உண்டு. பாமினியில் எழுதினாலும் யூனிக்கோட்டில் எழுதினாலும் எழுத்து வெறும் புள்ளிகளாகிவிடுவதால், ரொறன்ரோவில் இருக்கும் சகோதரியின் கணனியில் அந்த எழுத்துரு இல்லாவிடினும் அவர் வாசிக்கலாம். அவர் திருத்தி அனுப்பினால் புதிய பெயரில் சேமியுங்கள், பழையதை அழிக்கவேண்டாம். பெயரோடு திகதியும் இருக்கட்டும். சேமிக்கும்போது 'பிஎன்ஜி' வகையைத் தெரிவுசெய்யுங்கள். 'ஜேபெக்' ஒளிப்படத்துக்கு நல்லது. மெல்லிய கோட்டையும் சிறு எழுத்தையும் அது மங்கலாக்கும்.

அச்சடிக்கும்போது படம் தாளுக்கேற்பச் சுருங்கலாம், விரியலாம். அப்போது ஐந்து புள்ளிக் கணக்கு தாளிற் பொருந்தாது. அதற்காகப் படத்தின் அடியில் 100 புள்ளி நீளக் கோடொன்று கீறி '20 அடி' என எழுதிவிடுங்கள். படம் சுருங்கினால் அதுவும் சேர்ந்தே சுருங்கும். அச்சடித்த தாளைப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டி, சொன்னவர் பெயரையும் அன்றைய திகதியையும் அவர்கள் கையாலேயே எழுதுவித்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள்.