பீங்கான் தொட்டியில் குட்டை ஜினியா

விருத்தாசலம் என்றால் வெளியூராருக்குப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். விவசாயிக்கு மணிலாவும் முந்திரியும், அவ்விரண்டிலும் புது இரகங்களை வெளியிட்டு வரும் ஆராய்ச்சி நிலையமும் நினைவுக்கு வரும். இவை தவிர இவ்வூருக்குப் பீங்கான் ஊர் என்ற பெயரும் உண்டு. பொம்மை, அகல், மின்சாரப் பீங்கான், ஜாடி எனச் சூளையிலிருந்து வருபவை பல. அவற்றில் பூந்தொட்டியும் ஒன்று. ஆசைப்பட்டு வாங்கிய பளபளப்பான தொட்டியில் வைத்த செடி ஒரு மாதத்தில் அழுகிப் போயிற்று என்று வருந்துவோர் பலர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட ஜினியா, வெயிலுக்கு அஞ்சாத செடி. 1759இல் மறைந்த ஜெர்மானியத் தாவரவியல் பேராசிரியர் சின் என்பவரின் நினைவாக லின்னேயஸ் இப்பெயரைச் சூட்டினார். பள்ளிக்கூடத் தோட்டங்களில் நாம் பார்த்திருக்கும் பழைய ஜினியா இரண்டரை, மூன்று அடி வளரும். தொட்டியில் அது காற்றுக்குச் சாய்ந்து விடும். தொட்டிக்கு ஏற்றவை குட்டை இரகங்களே. தம்பலினா அரை அடிக்குச் சற்றே கூடுதலாக வளரும். பீட்டர் பேன் முக்கால் அடி முதல் ஓர் அடி வரை. இரு இனங்களைக் கலந்து உருவாக்கிய ப்ரொஃபியூஷன் வரிசையில் இரண்டு நிறங்கள் 1999இல் அமெரிக்காவில் தங்கப் பதக்கம் பெற்றன. இதழ் அடுக்கு குறைவு, ஒற்றைப் பூதான். ஆனால் சாம்பல் நோயை நன்கு தாங்கும். அழகை மட்டும் பார்ப்பவர் பீட்டர் பேன் வாங்கலாம். என்னைக் கேட்டால் நம் பக்கத்துக்கு ப்ரொஃபியூஷனே மேல்.

இனித் தொட்டிக்கு வருவோம். சாதாரண மண் தொட்டியின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஊற்றும் நீரில் ஒரு பகுதி அவ்வழியே கசிந்து ஆவியாகும். வேருக்குக் காற்றும் கிடைக்கும். மெருகு பூசி மிகுந்த சூட்டில் வேகவைத்த பீங்கானில் இது நடவாது. அதன் சுவர் கண்ணாடிக்குச் சமம். அதிகப்படியான நீர் வெளியேற அடித்துளை ஒன்றே வழி. மண் தொட்டிக்கு ஊற்றும் அளவிலேயே பீங்கானுக்கும் நாள்தோறும் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். செடி வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவோம், கெடுதல் இரட்டிப்பாகும். துளையே இல்லாத அழகிய நீல ஜாடி ஒன்றில் ஐந்து செடிகளை இப்படிக் கொன்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எனவே வாங்கும்போதே தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். சுண்டு விரல் நுழையும் துளை வேண்டும். பட்டறையில் சொல்லிச் செய்விப்பதானால், வார்த்த மண் பாதி காய்ந்திருக்கும்போதே துளையிட்டுத் தரச் சொல்லலாம். அப்போது அது நொடி வேலை. வெந்த பிறகு துளையிட வைர முனைத் துரப்பணம் வேண்டும். நீர் சொட்டிக்கொண்டே மெதுவாக இறக்க வேண்டும்; சற்று அழுத்தினாலும் விரிசல் விடும். அதற்கும் வழியில்லாதவர், சிறு மண் தொட்டியில் செடியை வளர்த்து, ஜாடிக்குள் இரண்டு ஓட்டுத் துண்டுகளின் மேல் அதை வைத்து விடலாம். அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டி விட வேண்டும்.

தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரம் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியன்று. மேலுள்ள மண் முழுதும் நனைந்து நிறைந்த பிறகே நீர் ஜல்லிக்குள் இறங்கும். ஆகவே ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு அருகில் உயர்ந்து விடுகிறது. துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு அல்லது கொசுவலைத் துண்டு போதும்.

முக்கால் அடி வாயுள்ள தொட்டியில் ஒரு செடி, ஓர் அடிக்கு மேல் அகலமானால் மூன்று செடிகள் வைக்கலாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. இத்துடன் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. களிமண் கூடவே கூடாது. வாசல் ஓரத்தில் சிறு பாத்தி போடுவோர் செடிக்குச் செடி முக்கால் அடி இடைவெளி விடலாம். நெருக்கி நட்டால் காற்றோட்டம் குறைந்து சாம்பல் நோய்க்கு நாமே வழி திறந்து விடுகிறோம்.

விதைக்கும் பருவம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மார்கழி, தை மாதங்களில் விதைப்பது சிறந்தது. ஆனி, ஆடியிலும் விதைக்கலாம். புரட்டாசியில் விதைத்தால் ஐப்பசி மழையில் இலைப்புள்ளி நோய் செடியைத் தின்று விடும். நாற்றுப் பிடுங்கி நடுவதை ஜினியா விரும்பாது. தொட்டியிலேயே அரை விரற்கடை ஆழத்தில் விதையை ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். ஏழெட்டு வாரத்தில் பூக்கும். குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். சித்திரை, வைகாசியில் மட்டும் பீங்கான் தொட்டியைச் சுடும் தளத்திலிருந்து எடுத்துக் காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

நீர் விடுவதற்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், காலையில், இலை நனையாமல் அடியில் ஊற்றுங்கள். விண்வெளி நிலையத்தில் வளர்த்த ஜினியாவுக்கும் 2015 டிசம்பரில் இதே தொல்லைதான் வந்தது. ஈரம் மிகுந்து இலையில் பூஞ்சணம் படர்ந்தது. அட்டவணைப்படி அன்றி, செடியைப் பார்த்து நீர் விடும் பொறுப்பை விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி ஏற்றார். 2016 ஜனவரியில் அங்கே பூ மலர்ந்தது.

இலையில் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். பழுப்புப் புள்ளி கண்ட இலைகளைக் கிள்ளி எரித்து விடுங்கள். இலை சுருண்டு செடி குறுகினால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அதற்கு மருந்தில்லை, செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். பக்கத்தில் தக்காளி, மிளகாய் இருந்தால் தயங்கவே கூடாது. உரம் அதிகம் தேவையில்லை. மணிலாப் புண்ணாக்கு ஊறிய நீரை மிகுதியாக ஊற்றினால் இலைதான் கொழிக்கும், பூ குறையும்.

மல்லி, சாமந்தி போல் எடை போட்டு விற்கும் பூ இதுவன்று. இலாபக் கணக்குப் போட வேண்டாம். பூத்துக் காய்ந்தவற்றைக் காம்போடு வெட்டி வந்தால் மேலும் பூக்கும். ப்ரொஃபியூஷனுக்கு இவ்வேலையும் இல்லை. விதை சேர்ப்பவர் கடைசிப் பூக்களைச் செடியிலேயே பழுப்பாகக் காயவிட்டு, நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்கலாம். கலப்பின விதையிலிருந்து சேர்த்தது தாயைப் போல் குட்டையாகவே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தொட்டிக்குப் புது விதையும், வேலி ஓரத்துக்குச் சேர்த்த விதையும் என்று பிரித்துக் கொள்வது நல்லது.