ஏடும் வழக்கும்

ஒரு கருவி பலர்க்கும் பொதுவாயிருத்தல் வேறு. பலர்க்கும் பயன்படுதல் வேறு. ஏடு ஒன்றேயாயினும், அதனைப் பார்க்கும் உரிமை யாருக்கு, அதில் ஐயம் எழுப்பும் துணிவு யாருக்கு என்பவற்றை வரையறுப்பது அவ்விடத்துத் தொழில்வழக்கேயாம். நமுனுகுல மலைச்சாரலிலும் பதுளை மாவட்டத்துப் பிற தேயிலைத் தோட்டங்களிலும் வழங்கிவரும் ‘செக்ரோல்’ இதற்குத் தக்க சான்றாகும்.

காலையிற் பெரட்டுக்களத்திற் கூடும் தொழிலாளர் வெவ்வேறு மலைகளுக்குப் பிரித்தனுப்பப்படுவர். எடுத்த கொழுந்து நிறுக்கப்பட்டு, கூடைக்கும் ஈரத்துக்குமெனச் சிறிது கழிக்கப்பட்டு, எஞ்சிய நிறை குறிக்கப்படும். குறித்த அளவு நிரம்பின் முழுப்பேர், குறையின் அரைப்பேர். ஒருநாட் கூலியே இங்குப் ‘பேர்’ எனப்படுதல் நோக்கத்தக்கது. பெயர் ஏட்டில் விழாவிடின், உழைத்த உழைப்பும் இல்லாததாகிவிடும்.

துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி என்னும் படிவரிசையிற் செய்தி கீழிருந்து எண்ணாக ஏறிற்று. மேலிருந்து கட்டளையாக இறங்கிற்று. துரைமார் காலத்து அலுவலகக் கணக்கு ஆங்கிலத்தில் இருந்தது. கொழுந்தெடுப்போரிற் பெரும்பாலார் பெண்கள். நிறுப்போரும் எழுதுவோரும் பெரும்பாலும் ஆண்கள். இந்நிலையில் ‘எத்தனை கிலோ எழுதினீர்கள்?’ என்னும் எளிய வினாவும் எதிர்த்துப் பேசுதலாகக் கொள்ளப்படும்.

பழைய ‘துண்டு’ முறையும் இத்தகையதே. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாக எழுதிய சீட்டு அது. எழுத்தறியாதார் பலர் அதிற் கண்ட தொகையைத் தாமே சரிபார்க்க இயலவில்லை. அச்சீட்டு அவரைப் பற்றியதாயிருந்ததேயன்றி அவருக்கு உரியதாயிருக்கவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது.

ஏட்டின் பயன் கூலியோடு முடிவதன்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்திருத்தலை வேண்டிற்று. அன்றாடக் கூலிக்கென எழுதப்பட்ட பதிவு, குடியுரிமைக்குச் சான்று தேடுவோர் நாடும் பொருளாயிற்று. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி அமைந்தபின், முதுமைக்காலப் பணமும் அதனைச் சார்ந்தது. ஏட்டில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் பெயர் எழுதப்படின், ஆயுள் முழுதும் உழைத்தவர் தம் பணத்துக்கே அலைய நேரும்.

இதற்கு மாறான வழக்கும் தமிழரிடை இருந்துளது. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் வாரியங்களிலிருந்து விலக்கின. எல்லார்க்கும் இடமளித்த சபையன்று அது. ஆயினும் கணக்குக் கேட்டல் பகையன்று, கடமை என்னும் கொள்கை அங்குக் கல்லில் நிலைபெற்றது.

இன்று சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துளது. எனினும் எண் தோன்றும் முகம் எழுதுவோரை மட்டும் நோக்கி நிற்குமாயின், பழைய ஏடே புதுவடிவம் பெற்றதாகும். நிறை உரக்கச் சொல்லப்படுதலும், அன்றன்றைய கணக்குத் தமிழிற் கையளிக்கப்படுதலும், பிழை சுட்டியவர் சினத்துக்கு ஆளாகாமையும் வழக்காகும்போதே பொது ஏடு உண்மையிற் பொதுவாகும். பெயர் எழுதப்படுதல் மட்டும் போதாது. எழுதப்பட்ட பெயரைத் தாமே படித்துச் சரிபார்க்கும் உரிமையும் அப்பெயருடையார்க்கு வேண்டும்.